பதினோரு மாதப் பூச்சு

ஜூலை மாதம் மரத்துக்கு எண்ணெய் பூசுகிறவனை
மும்பையில் யாரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள்.
ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாக, பழைய பனியனால்.
ஒன்பதாம் நாளும் விரல் ஒட்டியது.
பத்தாம் நாள் ஒரு கொசு.
அதை எடுக்கவில்லை,
பக்கத்தில் தேதி போட்டு வைத்தேன்.

திலக் நகர், நான்காம் மாடி.
பால்கனிக் கொடியில்
காயாத சாக்ஸுகளுக்கு நடுவே
கிளிப் போட்டு ஆறு துண்டுகள் தொங்குகின்றன,
இடித்த கட்டடத்தின் ஜன்னல் தேக்கு,
குர்லாவில் எடைக்கு வாங்கியது.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சில் எழுத்து:
எண்ணெய், மெழுகு, அரக்கு, வார்னிஷ், பி.யூ.
ஆறாவதில் 'ஒன்றுமில்லை'.

ஒன்றுமில்லைதான் முதலில் கறுத்தது.

உப்புத்தாளில் உப்பு இல்லை,
இந்த ஊர்க் காற்றில் இருக்கிறது.
அது ராத்திரியெல்லாம் தேய்த்தது.
பகலில் நான்.
கொதிக்கும் டம்ளரை இறக்கினால்
அரக்கின்மேல் வெள்ளை வளையம்.
மஞ்சள் கரைத்துத் தடவினால்
மெழுகு ஒரு சொட்டு விடாமல் குடித்தது.
வார்னிஷை வீட்டுச் சாவியால் கீறினேன்,
கீறல் விழுந்தது.
பி.யூ. எதற்கும் அசையவில்லை.
ஆனால் தொட்டுப் பார்த்தால்
ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும்
சொந்தக்காரரோடு பேசுவதுபோல இருந்தது.

ஹார்டுவேர் கடைக் கல்லாவில் தஸ்னீம்,
போனிலிருந்து தலை தூக்காமல்:
"சாப்பிடற சாமானா, நனையற சாமானா?"
நனையறது. வாசக்கதவு. பெயர்ப்பலகை.
"எத்தனை வருஷம் வரணும்?"
பதினோரு மாசம் என்றேன்,
வாய் தவறி.
அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.
"அதுக்கு அட்டையே போதுமே."

வாடகை ஒப்பந்தம் பதினோரு மாசம்.
சொசைட்டி விதி: கதவில் ஆணி கூடாது.
கராத் சாரின் விதி: டேப் ஒட்டலாம்,
பெயிண்ட் உரியக் கூடாது.
ஐந்து வருஷம் வெயில் மழை தாங்கும் என்று
டப்பாவில் அச்சடித்திருக்கிறது,
எங்களைக் கேட்காமல்.

ஜெபக்கனி இரவு ஷிப்ட் முடித்து வந்து
செருப்போடு நின்று பார்த்தாள்.
"யாருக்காக இப்படிப் பூசி மெழுகுற?"
என்னிடம் பதில் இல்லை.
மூன்றாவது கோட் போட்டேன்.
ஜன்னல் வெளிச்சம் அவள் பெயரின் 'க'வில் நின்றது,
என் பெயரில் கொஞ்சம் தூசி.

நாலே நாள்.
பலகை வளைந்துவிட்டது.
முன்பக்கம் மட்டும் மூடி
முதுகை வெறுமனே விட்டிருந்தேன்,
யார் பார்க்கப் போகிறார்கள் என்று.
மழை பார்த்தது.
முதுகு வழியாகவே குடித்துக் குடித்து உப்பி
எங்கள் இரண்டு பெயரும்
ஒரு குழிக்குள் இறங்கியிருந்தன.

அரிசி டின்னுக்கு அடியில் ஒரு வாரம்.
ஓரளவு நிமிர்ந்தது.
முழுக்க இல்லை,
மேஜையில் வைத்தால் ஒரு மூலை ஆடும்.

அதைத் திருப்பிப் போட்டு
பென்சில் கேட்டாள் ஜெபக்கனி.
கோவண்டி, ரூம் நம்பர் 12.
வடாலா, மூன்று பேரோடு.
கன்சோலி (இரண்டு மாசம், தண்ணி கிடையாது).
திலக் நகர்.
கடைசி வரிக்குக் கீழே
நாலு விரல் இடம் விட்டாள்.

பின்பக்கத்துக்கு அரக்குதான் என்று
அப்போது தோன்றியது.
ஸ்பிரிட்டில் கரைத்தது, அரைமணியில் காயும்,
இந்த ஈரத்தில் கொஞ்சம் வெளுக்கும்,
வெளுக்கட்டும்.
வார்னிஷ் பழைய பூச்சின்மேல் உட்காரும்.
அரக்கு அப்படி இல்லை,
புதுசு பட்டதும் பழசு இளகி இடம் கொடுக்கும்.
பிறகு எது எந்த வருஷத்துக் கோட் என்று
பூசினவனுக்கே தெரியாது.

இன்று காலை மாட்டினோம்.
இரண்டு பக்கம் ஒட்டும் டேப், முப்பது ரூபாய்.
எழுத்துமேல் ஒட்ட மனசில்லாமல்
அந்த நாலு விரல் இடத்தில் ஒட்டினோம்.
கழற்றும்போது
அது கொஞ்சம் உரித்துக்கொண்டுதான் வரும்.
உப்புத்தாள் பாக்கி இருக்கிறது.